சக்கர நாற்காலியின் கைதாங்கி: அளவு பார்ப்போம், சரியாகப் பொருத்துவோம்



இந்த மாதப் பாடத்தின் தலைப்பைப் பார்த்ததும், "எங்க குழுவுல யாரும் வீல் சேர்ல இல்லையே, நமக்கு எதுக்கு இது?" என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். பக்கவாதம் வந்த மாமியார், தென்னை மரத்திலிருந்து விழுந்த அண்ணன், பிறந்ததிலிருந்தே நடக்க முடியாத பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று நம் தெருவில் யாராவது ஒருவர் இருப்பார். அவரைக் குளிப்பாட்டுவதும், சோறு ஊட்டுவதும், தூக்கி உட்கார வைப்பதும் பெரும்பாலும் நம்மைப் போன்ற பெண்கள்தான். அதனால் இந்தப் பாடம் நம் எல்லோருக்கும் உரியது.

முதலில் எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன்.

கடன் கேட்கப் போன இடத்தில்

எங்கள் குழுவில் ஒரு அக்கா. கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டதால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. தையல் நன்றாகத் தெரியும். மெஷினுக்கு மோட்டார் வைக்க உள்கடன் 8,000 ரூபாய் வாங்கினார். மோட்டார் மிதியை மேஜை மேல் வைத்து முழங்கையால் அழுத்தித் தைப்பார். இரண்டு மாதம் தவணை ஒழுங்காக வந்தது. அதற்குப் பிறகு மூன்று மாதம் வரவில்லை. "உடம்பு முடியல"ன்னு சொல்லி அனுப்பினார். கூட்டத்தில் பேச்சு வந்தது. "மோட்டார் வாங்கிட்டு சும்மா வச்சிருக்காங்க"ன்னு ஒருத்தர், "வீல் சேர்ல இருக்கவங்களுக்குக் கடன் கொடுத்ததே தப்பு"ன்னு இன்னொருத்தர். தீர்மான நோட்டில் எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு வரலாம் என்று நாங்கள் மூன்று பேர் போனோம்.

அக்கா மேஜையிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார். கிட்டே போகச் சொன்னால் நாற்காலியின் கைதாங்கி மேஜைப் பலகையில் இடிக்கிறது. எட்டி எட்டித் தைத்ததில் முதுகும் கழுத்தும் பிடித்துக்கொண்டது. இரண்டு தோளும் காதுப் பக்கம் தூக்கியபடியே இருந்தன. "தம்பி கஷ்டப்பட்டு வாங்கிக் கொடுத்த வண்டி. இதுல குறை சொன்னா நல்லாவா இருக்கும்? அதான் சொல்லல"ன்னு அழுதார்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை வரும் பிசியோதெரபிஸ்ட் தங்கச்சியை அழைத்து வந்தோம். அவர் அக்காவின் அளவை எடுத்தார். நாற்காலியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது உசரம் மாத்துற கைதாங்கி அக்கா. இதோ பட்டன் இருக்கு பாருங்க"ன்னு காட்டினார். கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட அந்தப் பட்டன் மேல் கிழியாமல் இருந்தது! அதோடு வலது கைதாங்கி இடப் பக்கமும், இடது கைதாங்கி வலப் பக்கமும் மாட்டியிருந்ததால், உயரமான பாகம் முன்னால் வந்து மேஜையில் இடித்திருக்கிறது. இரண்டையும் பக்கம் மாற்றி மாட்டி, இரண்டு துளை கீழே இறக்கினார். அரை மணி நேர வேலை. ஒரு பைசா செலவில்லை. நாற்காலி மேஜைக்கு உள்ளே போனது.

அக்காமேல் பழி போட இருந்தோம். பழி அந்தப் பட்டன் மேல்தான்! நாங்கள் அன்று கற்றதைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறோம்.

1. கைதாங்கி எதற்கு?

சிலர் இதைக் கைப்பிடி என்பார்கள், சிலர் ஆர்ம் ரெஸ்ட் என்பார்கள். பின்னால் நின்று தள்ளுகிற கைப்பிடி வேறு. உட்காருகிறவர் கை வைக்கும் இடத்தைத்தான் இங்கே கைதாங்கி என்கிறோம். அது செய்யும் வேலைகள் நான்கு.

- கையின் பாரத்தைத் தாங்குகிறது. நாள் முழுவதும் கை தொங்கினால் தோளும் கழுத்தும் வலிக்கும்.
- உடம்பு பக்கவாட்டில் சாயாமல் காக்கிறது.
- எழுந்து நிற்கவும், கட்டிலுக்கு மாறவும், இருந்த இடத்திலேயே சற்று உடம்பைத் தூக்கிக்கொள்ளவும் ஊன்றுகோலாக உதவுகிறது. உணர்ச்சி இல்லாதவர்களுக்குப் படுக்கைப்புண் வராமல் இருக்க, அடிக்கடி முன்னால் குனிந்தும் பக்கவாட்டில் சாய்ந்தும் பாரத்தை மாற்ற வேண்டும். அதற்குப் பிடிமானம் இதுதான்.
- கைதாங்கியின் கீழே உள்ள தட்டு, சேலை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காமல் தடுக்கிறது. பெண்களுக்கு இது மிக முக்கியம்.

2. உயரம் தப்பினால் என்ன ஆகும்?

கூடுதல் உயரமாக இருந்தால் தோள் தூக்கியபடியே இருக்கும். கழுத்து வலி, தலைவலி வரும். சக்கரத்தைப் பிடித்துத் தள்ள கை வசதியாக இறங்காது.

உயரம் குறைவாக இருந்தால் கையை வைப்பதற்காகவே உடம்பு குனியும். அல்லது ஒரு பக்கமாகச் சாயும். பழகிவிட்டால் முதுகு கூன் விழும். வளரும் பிள்ளைகளுக்கு முதுகெலும்பே வளைந்து போகக்கூடும்.

மெத்தை கிழிந்து வெறும் பலகையில் முழங்கை முனை அழுந்திக்கொண்டே இருந்தால், சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகும். முழங்கை வழியாகப் போகும் நரம்பு நசுங்குவதால் இப்படி ஆகிறது. "வயசாயிடுச்சு, அதான்"னு விட்டுவிடக் கூடாது.

3. அளவு எடுக்கும் முறை

வேண்டியவை: டெய்லர் டேப், ஒரு பேனா, ஒரு துண்டுச் சீட்டு.

முதல் படி: தினமும் உட்காரும் குஷனைப் போட்டே உட்கார வையுங்கள். குஷன் இல்லாமல் அளந்தால் அளவு தப்பிவிடும்.

இரண்டாம் படி: இடுப்பு பின்னால் ஒட்டியிருக்க வேண்டும். பாதம் இரண்டும் மிதியில் பதிந்திருக்க வேண்டும். பிரேக் போட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் படி: தோளைத் தளர விடச் சொல்லுங்கள். ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டால் தோள் தானாக இறங்கும். மேல்கை உடம்போடு ஒட்டித் தொங்க, முழங்கை ‘ட’ எழுத்துப் போல மடங்கியிருக்க வேண்டும்.

நான்காம் படி: உட்கார்ந்து அமுங்கிய குஷனின் மேற்பரப்பிலிருந்து முழங்கையின் அடிப்பாகம் வரை அளந்து எழுதுங்கள். இரண்டு பக்கமும் அளக்க வேண்டும்.

ஐந்தாம் படி: அதோடு 2.5 செ.மீ., அதாவது ஒரு அங்குலம் கூட்டுங்கள். அந்த உயரத்தில் கைதாங்கியின் மேல்மெத்தை இருக்க வேண்டும்.

கணக்கு ஒன்று பார்ப்போம். எங்கள் அக்காவுக்கு இருக்கையிலிருந்து முழங்கை வரை 20 செ.மீ. அதோடு 2.5 சேர்த்தால் 22.5. நாற்காலியில் இருந்ததோ 28 செ.மீ. ஒவ்வொரு துளைக்கும் 2.5 செ.மீ. இடைவெளி. இரண்டு துளை இறக்கியதும் 23 ஆனது. துளை சரியாக அதே அளவில் அமையாது. மிக அருகில் உள்ள துளையில் வைத்துவிட்டு, தோள் தூக்குகிறதா, உடம்பு சாய்கிறதா என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

நினைவில் வையுங்கள்: குஷனை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும். தடித்த புதுக் குஷன் ஆளை மேலே தூக்கிவிடும். அதுவரை சரியாக இருந்த கைதாங்கி அன்று முதல் தாழ்ந்து போகும்.

4. எத்தனை வகை? யாருக்கு எது?

நிலையான கைதாங்கி: சட்டத்தோடு சேர்ந்தே இருக்கும், கழற்ற முடியாது. விலை குறைவு. தானாக நின்று எழுந்து மாறக் கூடியவருக்கு இதுவே போதும். பக்கவாட்டில் நகர்ந்து கட்டிலுக்கு மாறுகிறவருக்கு இது சுவர் மாதிரி தடையாக நிற்கும்.

கழற்றும் கைதாங்கி: பட்டனை அழுத்தி மேலே உருவி எடுக்கலாம். பக்கவாட்டில் மாறுகிறவர்களுக்கு அவசியம். எடுத்து வைத்ததைத் தொலைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின்னால் மடங்கும் கைதாங்கி: கழற்ற வேண்டாம், தூக்கினால் பின்னால் போய்விடும். கையில் பலம் குறைந்தவர்களும் தனியாக இருக்கிறவர்களும் தாங்களே கையாளலாம். தொலைந்தும் போகாது.

உயரம் மாற்றும் கைதாங்கி: பைப்பில் துளைகள் இருக்கும். பட்டனையோ சிறு நெம்பையோ அழுத்தி ஏற்றி இறக்கலாம். வளரும் பிள்ளைகளுக்கும், ஒரே நாற்காலியைப் பலர் பயன்படுத்தும் இடத்துக்கும், குஷன் மாற்றுகிறவர்களுக்கும் இது நல்லது.

நீளத்திலும் இரண்டு உண்டு. முழுநீளக் கைதாங்கி முன்வரை வரும். ஊன்றி எழுந்திருப்பவர்களுக்கு அதுதான் உதவும். மேஜைக் கைதாங்கியில் பின்பாதி உயரமாகவும் முன்பாதி தாழ்ந்தும் இருக்கும். மேஜைக்கு அடியில் நாற்காலியைக் கொண்டுபோக வேண்டியவர்களுக்கு இது ஏற்றது.

ஏன் இடிக்கிறது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பெரியவர்களுக்கான சாதாரண சக்கர நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து ஏறக்குறைய 50 செ.மீ. அதன் மேல் கைதாங்கி 23 செ.மீ. மொத்தம் 73. நம் வீட்டு மேஜைகளின் அடிப்பலகையும் ஏறக்குறைய அதே உயரம்தான், சிலவற்றில் அதைவிடத் தாழ்வு. அப்புறம் எப்படி உள்ளே போகும்? வாங்கும் முன் மேஜையின் அடிப்பலகை உயரத்தை அளந்து சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

சில நாற்காலிகளில் மேஜைக் கைதாங்கியை வலம் இடம் மாற்றி மாட்டினால் உயரமான பாகம் முன்னால் வரும். எழுந்து நிற்கப் பயிற்சி எடுக்கிறவர்களுக்கு அது வசதி. மேஜை வேலை செய்கிறவர்களுக்குத் தொல்லை. எங்கள் அக்காவுக்கு நடந்தது இதுதான்.

ஆக, "எது நல்ல கைதாங்கி?"ன்னு கேட்கக் கூடாது. "இவங்க காலையில எழுந்ததிலிருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன செய்றாங்க?"ன்னு கேட்க வேண்டும். வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டது. அதன் பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவாக முன்னின்றவரும் அவரே. நாற்காலியில் இருப்பவருக்கும் வேலை உண்டு. அந்த வேலைக்கு ஏற்ற நாற்காலி அமைய வேண்டும்.

5. பொருத்திய பிறகு சோதனை

1. பட்டன் துளையில் முழுதாக வெளியே வந்து ‘டக்’கென்று சத்தம் கேட்டதா? கேட்ட பிறகும் மேலே ஒரு இழு இழுத்துப் பாருங்கள்.
2. இரண்டு பக்கமும் ஒரே உயரமா? மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ சொன்னால் தவிர வேறு வேறு உயரம் வைக்க வேண்டாம்.
3. தோள் தளர்ந்து இருக்கிறதா?
4. இடுப்புக்கும் பக்கத் தட்டுக்கும் இடையே உள்ளங்கையைத் தட்டையாக நுழைக்க முடிகிறதா? நுழையவே இல்லை என்றால் உரசிப் புண் வரும். நிறைய இடம் இருந்தால் உடம்பு சாயும்.
5. சக்கரத்தைத் தள்ளும்போது முழங்கை கைதாங்கியில் இடிக்கிறதா?
6. சாப்பிடும் மேஜை, தையல் மேஜை, கட்டில், கழிப்பறை நான்கு இடத்துக்கும் ஓட்டிப் பாருங்கள். கடையில் நன்றாக இருந்தது வீட்டில் இடிக்கும்.

6. இதை மட்டும் செய்யாதீர்கள்

- ஆள் உட்கார்ந்திருக்கும்போது கைதாங்கியைப் பிடித்து நாற்காலியைத் தூக்காதீர்கள்! பஸ்ஸில் ஏற்றும்போதும் வாசல்படி ஏறும்போதும் நாலு பேர் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடிப்பார்கள். கழற்றும் கைதாங்கி கையோடு உருவி வந்துவிடும், ஆள் கீழே விழுவார். நாற்காலியின் சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். உதவ வருகிறவர்களிடம் "இதப் புடிக்காதீங்கண்ணே, கீழ இருக்கிற பைப்பப் புடிங்க"ன்னு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.
- பிரேக் போடாமல் ஊன்றி எழ விடாதீர்கள். மிதியின் மேல் நின்று எழக் கூடாது. மிதியை மடக்கி, பாதம் தரையில் பதிந்த பிறகே எழ வேண்டும்.
- கைதாங்கியைக் கழற்றியபடியே தெருவில் ஓட்டாதீர்கள். தடுக்கும் தட்டும் சேர்ந்து போய்விடுவதால் முந்தானை சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும்.
- பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள். அந்தக் கை தொங்கவும் கூடாது. தொங்கினால் தோள் மூட்டு நழுவி வலி எடுக்கும். அகலமான கைதாங்கியிலோ, மடியில் தலையணை வைத்தோ தாங்குங்கள்.
- பட்டன் அழுத்தி இறக்கும்போது குழந்தைகளின் விரல் பைப்பில் மாட்டாமல் பாருங்கள்.

7. உறுப்பினர்களின் கேள்விகள்

கேள்வி: எங்க மாமியார் வண்டியில கைதாங்கி நிலையானது. ரொம்பத் தாழ்வா இருக்கு. புதுசு வாங்கப் பணமில்லை. என்ன செய்றது?

பதில்: மேல்மெத்தையின் மேல் கெட்டியான ஃபோமை வைத்து ரெக்சின் உறை தைத்துக் கட்டலாம். நம் தையல் உறுப்பினர்களே செய்யலாம். வழுக்காமல் இறுக்கிக் கட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே தடிமன் இருக்க வேண்டும்.

கேள்வி: உசரமா இருந்தா வெல்டிங் பட்டறையில அறுத்துரலாமா?

பதில்: அவசரப்பட்டு அறுக்காதீர்கள். அந்தப் பைப் சில நாற்காலிகளில் சட்டத்தையே தாங்கும். அறுத்தால் நாற்காலி ஆட்டம் காணும். ஆளைக் கொஞ்சம் உயர்த்தக் கெட்டியான குஷன் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அப்போது மிதியின் உயரத்தையும், கை சக்கரத்தை எட்டுகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிசியோதெரபிஸ்டைக் கேட்டுச் செய்வதே நல்லது.

கேள்வி: பட்டன் துருப்பிடிச்சு அசையவே மாட்டேங்குது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

பதில்: வேண்டாம். தூசி சேர்ந்து பிசுபிசுத்துப் போகும். துணியால் நன்றாகத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். வாரம் ஒருமுறை துடைப்பதும், மாதம் ஒருமுறை எல்லாத் திருகுகளையும் முடுக்குவதும் போதும். மெத்தை கிழிந்தால் உடனே தையுங்கள். ஓரம் கீறிய ரெக்சின் தோலையும் கீறும்.

8. எங்கே கேட்பது?

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். தனித்துவ அடையாள அட்டை, மருத்துவச் சான்று எடுத்துப் போங்கள். 1981-இல் தொடங்கிய மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்தில் முகாம் நடத்தியும் நாற்காலி தருகிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் தொடங்கியபோதே, வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் சேர்க்கப்பட்டது. அவர்களிடம் "அளவு எடுத்துக் கொடுங்கம்மா"ன்னு கேளுங்கள்.

முகாமில் வாங்கும்போது கூச்சப்படாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட சக்கர நாற்காலி வழிகாட்டியில் எட்டுப் படிகள் சொல்லியிருக்கிறார்கள். ஆளைப் பார்த்து அளவு எடுப்பது, பொருத்திப் பார்ப்பது, பயிற்சி கொடுப்பது, பிறகு வந்து பார்ப்பது எல்லாம் அதில் உண்டு. வண்டியைக் கொடுத்து போட்டோ எடுத்ததோடு வேலை முடியவில்லை. "இதுல என்னென்ன பட்டன் இருக்கு, எது எதுக்கு?"ன்னு கேட்டுவிட்டே கிளம்புங்கள். இலவசமாகக் கொடுத்தாலும் அளவு சரியாக இருக்க வேண்டும் என்று கேட்பது நன்றிகெட்டத்தனம் ஆகாது.

9. குழுக் கூட்டத்தில் செய்து பார்ப்போம்

- ஒரு நாற்காலியில் ஒவ்வொருவராக உட்கார்ந்து முழங்கை உயரத்தை அளந்து எழுதுங்கள். ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்குக்கூட வேறு அளவு வரலாம். எல்லோருக்கும் ஒரே கைதாங்கி ஏன் பொருந்தாது என்று அப்போது விளங்கும்.
- இரண்டு தோளையும் காதுவரை தூக்கி வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். நாள் முழுவதும் அப்படி இருந்தால் எப்படி இருக்கும்?
- உங்கள் ஊரில் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் எத்தனை பேர்? அவர்களில் குழுவில் உறுப்பினராக இருப்பவர்கள் எத்தனை பேர்?
- தவணை தவறிய உறுப்பினர் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்க்காமல் தீர்மானம் எழுதியது உண்டா?

எங்கள் அக்கா நின்றுபோன மூன்று தவணையையும் அடுத்த இரண்டு மாதத்தில் சேர்த்துக் கட்டிவிட்டார். வட்டி தள்ளுபடி செய்யலாம் என்று தலைவி சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "வட்டிய விடுங்க. அடுத்த தடவ யாருக்காவது வண்டி வாங்கினா என்னையக் கூப்புடுங்க, நான் வந்து அளவெடுக்குறேன்"ன்னு சொன்னார். இப்போது அந்த வேலையையும் செய்கிறார். கழுத்தில் தொங்கும் டேப் ஜாக்கெட் அளவுக்கும் ஆகிறது, கைதாங்கி அளவுக்கும் ஆகிறது.

அடுத்த இதழில் குஷன் தேர்வு பற்றியும், படுக்கைப்புண் வராமல் காப்பது பற்றியும் பார்ப்போம்.